நிலக்கரிக்கு நாள் குறித்தாயிற்று, தொழிலாளிக்கு?



நம் நாட்டு நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் நாள் குறித்துவிட்டது. 2035ஆம் ஆண்டுக்குள் அவற்றைப் பாதியாகக் குறைப்பது, 2044ஆம் ஆண்டுக்குள் முற்றாக நிறுத்துவது என்னும் இலக்கைத் துணைப் பிரதமரும் எரிசக்தித் துறை அமைச்சருமான டத்தோஸ்ரீ ஃபாடில்லா யூசோப் 2024ஆம் ஆண்டில் அறிவித்தார். இன்று நம் தமிழ்ப் பள்ளிகளில் முதலாம் ஆண்டில் அமர்ந்து அகரம் எழுதும் பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது. வேலை தேடும் வயது. குடும்பம் அமைக்கும் வயது.

இந்த முடிவு சரியானதுதானா என்று கேட்டால், சரியானது என்பதே என் விடை. புவி வெப்பமடைவதைப் பற்றி வகுப்பறையில் பாடம் நடத்திவிட்டு, வெளியே வந்து நிலக்கரிக்காக வாதாட ஓர் ஆசிரியனால் இயலாது. ஆயினும், நிலையங்கள் மூடப்படும் நாளைக் குறித்த அதே கை, அந்நிலையங்களில் உழைப்போருக்கு மாற்று வழி கிடைக்கும் நாளையும் குறித்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. இதுவே என் மனக்குறை.

'இது மின்சாரத் துறையின் விவகாரம். தமிழ்ப் பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலக்கரித் தொழில் ஒருமுறை ஏற்கெனவே தோன்றி, ஓங்கி, மூடப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறியார். பெரியவர்களுள் பலரும் மறந்துவிட்டனர். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பத்து ஆராங் சொல்லும் பாடம்

ரவாங் நகருக்கு அருகே பத்து ஆராங் என்றோர் ஊர் உள்ளது. பெயரின் பொருளே கரிக்கல் என்பதுதான். 1908ஆம் ஆண்டில் அங்கு நிலக்கரி இருப்பது தெரிய வந்தது. ஜே. ஏ. ரசல் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் முயற்சியால் 1913இல் மலாயன் காலரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1915இல் சுரங்க வேலை ஆரம்பமானது. திறந்தவெளிச் சுரங்கமும் நிலத்தடிச் சுரங்கமும் அங்கு இயங்கின. 1960 வரையிலான நாற்பத்தைந்து ஆண்டுகளில் அம்மண்ணிலிருந்து ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது.

அந்த நிலக்கரி எங்கே போயிற்று? மலாயாவின் இரயில் வண்டிகளை ஓட்டியது அதுவே. ஈயச் சுரங்கங்களின் இயந்திரங்களை இயக்கியதும், பங்சார் மின் நிலையத்தில் எரிந்து கோலாலம்பூருக்கு வெளிச்சம் தந்ததும் அதுவே. பிரிக்பீல்ட்சில் குடியிருந்த நம்மவர்கள் இரயில்வேயில் கரி அள்ளிப் போட்டுக் கொதிகலனைக் காய்ச்சிய காலத்தில், அவர்கள் அள்ளிய கரியின் பெரும்பகுதி பத்து ஆராங்கில் வெட்டப்பட்டதுதான். வெட்டியவர்களில் சீனர்கள் பெரும்பான்மையினர். தமிழர்களும் மலாய்க்காரர்களும் அவர்களோடு உழைத்தனர்.

அச்சுரங்கம் தனியார் நிறுவனத்திற்கு உரியது. ஆனால் அதன் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே, இரயில்வே அரசாங்கத்துடையது. ஆக, எவ்வளவு கரி தேவை என்பதையும் சுரங்கம் எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதையும் இறுதியில் தீர்மானித்தது கோலாலம்பூரில் இருந்த அரசாங்க அலுவலகமே.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட கூலி, மந்தம் நீங்கிய பின்னும் உரிய அளவுக்கு உயர்த்தப்படவில்லை. தொழிலாளர் பலர் நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்லர். குத்தகையாளர் வழியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். கூலி குத்தகையாளரின் கையைத் தாண்டித்தான் அவர்களிடம் வந்து சேரும். 1936 நவம்பரில் ஒரு வேலைநிறுத்தம் எழுந்தது. 1937 மார்ச்சில் மற்றொன்று. இரண்டாவது வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சுரங்க நகரையே தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். கூலி உயர்வோடு குத்தகை முறை ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் எழுப்பிய குரலாக இருந்தது. இரயிலும் மின்சாரமும் நின்றுபோகும் என்று அஞ்சிய காலனி அரசாங்கம் காவல் படையை அனுப்பி ஊரை மீட்டது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதை அடுத்து, ஜூலை மாதத்தில் பத்து ஆராங் ஆயுதக் குழுவினரின் தாக்குதலுக்கும் உள்ளானது.

இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற சுரங்கத்தை வேலைநிறுத்தம் மூடவில்லை, துப்பாக்கியும் மூடவில்லை. எரிபொருள் மாறியது, அது மூடியது. 1950களில் இரயில்வே எண்ணெய்க்கும் பின்னர் டீசலுக்கும் மாறியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. வாங்குவார் இல்லாமற்போன சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த ஊர் அமைதியில் ஆழ்ந்தது. அடியில் பழைய சுரங்கப் பாதைகள் ஓடும் நிலத்தின்மேல் பெருங்கட்டடங்கள் எழுப்புவதும் எளிதன்று. சுற்றியுள்ள ரவாங்கும் சுங்கை பூலோவும் வளர்ந்த வேகத்தில் பத்து ஆராங் வளரவில்லை.

அன்று எண்ணெய்க்கு மாறியது பொருளாதாரக் கணக்கில் பிழையன்று. ஆனால் அந்தக் கணக்கில் கரி வெட்டியவனுக்கென ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

அதே 1960இல் நிகழ்ந்த மற்றொன்று

பத்து ஆராங் மூடப்பட்ட அதே 1960இல்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. விடுதலைக்கு முன்னும் பின்னுமாக ஐரோப்பிய முதலாளிகள் இரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளி வேலையை இழந்தான். வேலையோடு வீட்டையும் இழந்தான். பிள்ளையின் பள்ளிக்கூடமும் ஆட்டங்கண்டது.

அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவோம் என்றார். பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்ந்தது. 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் அவ்வுழைப்பின் அடையாளம்.

எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்த குடும்பங்கள் கையில் சிறு தொகையோடு வெளியேறின. இருந்தபோதிலும், ஒரு தொழில் கைமாறும்போதோ மறையும்போதோ தொழிலாளியின் நிலை என்ன என்ற கேள்வியை நம் சமூகம் ஒருமுறை உரத்துக் கேட்டது. பத்து வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு விடையும் தேடியது. இன்று அதே கேள்வியைக் காப்பார் மின் நிலையத்தின் முன்னால் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த நிலக்கரி

1960இல் வெளியேறிய நிலக்கரி இருபது ஆண்டுகளில் திரும்பி வந்தது. அதனை அழைத்து வந்ததும் கூட்டரசுக் கொள்கையே. 1970களின் எண்ணெய் நெருக்கடிகள் எண்ணெயை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்த்தின. 1981இல் அரசாங்கம் நான்கு எரிபொருள் கொள்கையை அறிவித்தது: எண்ணெய், எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி. கிள்ளானுக்கு வடக்கே, மலாக்கா நீரிணையின் கரையில் அமைந்த காப்பார் சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம் 1980களின் பிற்பாதியில் நிலக்கரியை எரிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,400 மெகாவாட் ஆற்றலுடைய பெருநிலையமாக அது வளர்ந்தது. பின்னர் பேராக்கில் மஞ்சோங், போர்ட்டிக்சன் அருகே ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் ஆகிய நிலையங்கள் எழுந்தன.

அண்மைய ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ பாதியை நிலக்கரியே தந்திருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளில் எரியும் விளக்குகளில் இரண்டில் ஒன்று நிலக்கரியால் எரிகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் அது இப்போது நம் மண்ணின் கரியன்று. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்து இறங்குவது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் உள்நாட்டுத் தேவைக்காக நிலக்கரி ஏற்றுமதியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, அதனை வாங்கும் நாடுகள் யாவும் கவலையில் ஆழ்ந்தன.

இங்கு அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதையும் நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. மின்சாரம் கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. அதாவது, நிலையம் நிற்கும் மண் சிலாங்கூருடையது. அது எதை எரிக்கும், எந்த ஆண்டு வரை எரிக்கும், எந்த விலைக்கு விற்கும் என்பவை புத்ராஜெயாவின் முடிவுகள். சரவாக்கின் நிலை வேறு. அம்மாநிலம் தன் மின்சாரத்தைத் தானே நிர்வகிக்கிறது. சபாவும் 2024 ஜனவரியில் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்றது. தீபகற்ப மாநிலங்களுக்கு அத்தகைய உரிமை இல்லை. ஆகவே காப்பார் வட்டாரத்து மக்கள் தம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் மட்டும் முறையிட்டுப் பயனில்லை. நாடாளுமன்றத்தில் இக்கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

நெருக்கும் கைகள்

நிலக்கரியை இன்று பல கைகள் நெருக்குகின்றன. 2014ஆம் ஆண்டுத் தூய காற்று விதிமுறைகள் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் மாசுக்குக் கடுமையான வரம்புகளை விதித்தன. பழைய ஆலைகள் அவற்றுக்கு ஏற்பத் தம்மைச் சீரமைத்துக்கொள்ள ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. 2021 செப்டம்பரில், பன்னிரண்டாவது மலேசியத் திட்டத்தைத் தாக்கல் செய்த அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி யாக்கோப், இனிப் புதிய நிலக்கரி நிலையம் எதுவும் கட்டப்படாது என அறிவித்தார். 2023இல் அன்றைய பொருளாதார அமைச்சர் ரபிசி ரம்லியின் பொறுப்பில் தேசிய எரிசக்தி மாற்ற வழிகாட்டித் திட்டம் இரு கட்டங்களாக வெளியிடப்பட்டது. 2024 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கரிம வரி விதிக்கப்படும் என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்குகிறது. கரிமத்தை மிகுதியாக வெளியிட்டு உற்பத்தியாகும் இரும்பு, அலுமினியம் போன்ற பொருள்களுக்கு எல்லையில் கட்டணம் விதிக்கும் முறையை அது 2023 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தி வருகிறது.

எதிர்த்திசையிலும் நெருக்கடி உண்டு. நிலக்கரி மலிவானது, அதனை விட்டால் மின்கட்டணம் ஏறும் என்ற அச்சம் வாக்காளரிடம் இருக்கிறது. எந்த அரசியல்வாதிதான் மின்கட்டண உயர்வோடு தேர்தலைச் சந்திக்க விரும்புவார்? 2025 ஜூலை முதல் எரிபொருள் விலை மாற்றம் மாதந்தோறும் கட்டணத்தில் சரிசெய்யப்படும் முறை வந்துள்ளது. சிக்கனமாக வாழும் குடும்பத்திற்கு இதன் பொருள் என்ன என்பதைப் பெற்றோர்க்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, விவாதம் முழுவதும் இரண்டு சொற்களுக்குள் சுருங்கிவிட்டது: காற்று, கட்டணம். காற்று தூய்மையாக வேண்டும் என்பார் ஒரு பக்கம். கட்டணம் ஏறக்கூடாது என்பார் மறுபக்கம். இரண்டும் நியாயமே. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மூன்றாவது சொல்லை, அதாவது தொழிலாளியை, எவரும் உச்சரிப்பதில்லை.

காப்பார் நிலையத்தின் மின்கொள்முதல் ஒப்பந்தம் 2029ஆம் ஆண்டு வரைக்கும் என எழுதப்பட்டது. அங்கே எரிவாயு நிலையம் ஒன்றை அமைக்கும் திட்டத்தையும் தெனாகா நேஷனல் அறிவித்துள்ளது. நல்லதே. ஆனால் எரிவாயு நிலையத்திற்கு நிலக்கரி இறக்கும் துறை வேண்டாம். கரியைச் சுமந்து செல்லும் நகர்பட்டை வேண்டாம். சாம்பல் அள்ளும் லாரி வேண்டாம். இவை 'வேண்டாம்' ஆகும்போது, இவற்றில் உழைக்கும் மனிதர்களும் 'வேண்டாம்' ஆகின்றனர்.

முந்நூறு நாளும் நாற்பத்தைந்து நாளும்

மின் நிலையத்தின் பொறியியலாளரைப் பற்றியும் நிரந்தர ஊழியரைப் பற்றியும் எனக்குப் பெரிய கவலையில்லை. அவர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. வேறு நிலையங்களுக்கு மாற்றலாகும் வாய்ப்பும் உண்டு. என் கவலை குத்தகையாளரின்கீழ் வேலை செய்வோரைப் பற்றியது. துப்புரவு, காவல், லாரி ஓட்டுதல், சாரம் கட்டுதல், கொதிகலன் பராமரிப்பு என இத்தகைய தொழில் நிலையங்களில் எத்தனையோ வேலைகள் குத்தகைக்கு விடப்படுகின்றன.

குத்தகைத் தொழிலாளியின் நிலை ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதன்று. நம் பள்ளி வாயிலில் நிற்கும் காவலரையும் வகுப்பறையைக் கூட்டும் அம்மாவையும் எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அதே பள்ளியில் அதே வேலையைச் செய்கின்றனர். ஆனால் குத்தகை முடிந்து புதிய நிறுவனம் வந்தவுடன், அவர்கள் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதியவர்கள் ஆகிவிடுகின்றனர். பழைய ஆண்டுகள் காற்றில் கரைந்துவிடுகின்றன.

இதனைக் கணக்காகவே பார்ப்போம். வேலை நிறுத்தப் பலன்கள் குறித்த 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள்.

ஒரே முதலாளியிடம் பதினைந்து ஆண்டு உழைத்தவருக்குக் கிடைக்க வேண்டியது, ஆண்டுக்கு இருபது நாள் வீதம், முந்நூறு நாள் சம்பளம். அதே இடத்தில், அதே வேலையில், அதே பதினைந்து ஆண்டு உழைத்து, மூன்றாண்டுக்கொரு முறை குத்தகையாளர் மாறியிருந்தால்? கடைசிக் குத்தகையாளரின்கீழ் அவர் உழைத்தது மூன்றாண்டு மட்டுமே. ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் நாற்பத்தைந்து நாள். அதுவும், 'ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்தது. ஆட்குறைப்பு அன்று' என்று சொல்லிவிட்டால் அந்த நாற்பத்தைந்தும் கேள்விக்குறிதான்.

ஒரே வியர்வை, ஒருவருக்கு முந்நூறு, மற்றவருக்கு நாற்பத்தைந்து. 1937இல் பத்து ஆராங்கில் எழுந்த குரல் எதை எதிர்த்ததோ, அந்தக் குத்தகை முறையே வேறோர் உருவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2018 முதல் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் நடப்பில் உள்ளது. வேலை இழந்தவருக்குச் சில மாதங்களுக்கு உதவித்தொகையும் பயிற்சி வாய்ப்பும் தருகிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் அது தனி மனிதருக்கான உதவி. ஒரு வட்டாரத்தின் தொழிலையே அரசாங்கக் கொள்கை நிறுத்தும்போது அது மட்டும் போதாது.

பிற இடங்களில் என்ன நடந்தது?

தமிழகத்தின் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1956இல் இந்திய நடுவணரசு அங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை அமைத்தது. 2013இல் பங்குச் சந்தை விதிமுறையைக் காட்டி அதன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க நடுவணரசு முனைந்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, தமிழக அரசு நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கிக்கொள்ளும் என்று முன்வந்து, அவ்வாறே வாங்கச் செய்தார். 2023 ஏப்ரலில் காவிரிப் படுகையில் மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலம் விட நடுவணரசு அறிவித்தபோது, முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும் சட்டமன்றக் கட்சிகளும் உழவர்களும் எதிர்த்தனர். சில நாள்களிலேயே அவை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் சுரங்க விரிவாக்கத்துக்காக இயந்திரங்கள் இறக்கப்பட்டபோது போராட்டம் வெடித்தது.

ஒருமுறை சுரங்கத்தைக் காக்கப் போராட்டம். மறுமுறை சுரங்கத்தைத் தடுக்கப் போராட்டம். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முறையும் மக்கள் கேட்டது ஒன்றே: எங்கள் வாழ்வைப் பற்றிய முடிவில் எங்களுக்கும் பங்கு வேண்டும்.

ஐரோப்பாவில் இரண்டு வழிகளைக் காண்கிறோம். பிரிட்டனில் 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. அதன்பின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பல சுரங்க ஊர்களின் காயம் இன்னும் முழுமையாக ஆறவில்லை. ஜெர்மனியோ 2020இல் சட்டமே இயற்றியது. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடுவது, நிலக்கரி வட்டாரங்களின் மறுமலர்ச்சிக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்குவது, வேலை இழக்கும் மூத்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை இடைக்கால நிதி தருவது ஆகிய அனைத்தும் சேர்த்தே முடிவு செய்யப்பட்டன. ஜெர்மனியின் செல்வம் நமக்கில்லை என்பர். உண்மைதான். ஆனால் நாளையும் நிதியையும் ஒன்றாகப் பேசும் முறையைப் பின்பற்றச் செல்வம் தேவையில்லை, மனம்தான் தேவை.

என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மூடப்படவுள்ள ஒவ்வொரு நிலக்கரி நிலையத்திலும் பணிபுரிவோரின் எண்ணிக்கையைக் குத்தகைத் தொழிலாளரையும் சேர்த்து வெளியிட வேண்டும். எண்ணப்படாதவர்களுக்கு எந்தத் திட்டமும் தீட்டப்படுவதில்லை.

இரண்டாவது, இழப்பீட்டைக் கணக்கிடும்போது எந்தக் குத்தகையாளரின்கீழ் என்று பாராமல், அந்த நிலையத்தில் உழைத்த மொத்த ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மறுபயிற்சி நிலையம் மூடப்பட்ட பின்னர் அன்று, மூடப்படுவதற்கு ஈராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்து நிற்பவரைப் பயிற்சிக்கு அழைப்பதைவிட, வேலையில் இருக்கும்போதே அழைப்பது எளிது.

'சில நூறு பேருக்காக இவ்வளவு பேச்சா?' என்பார் உளர். ஒவ்வொரு தோட்டம் மூடப்பட்டபோதும் சொல்லப்பட்டது இதுவே. ஒவ்வொன்றும் சில நூறு பேர்தான். அந்தச் சில நூறுகளின் கூட்டுத்தொகைதான் நகர்ப்புற ஏழைகளாகிய நம் மக்கள்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அறிவியல் பாடத்தில் புதுப்பிக்க இயலாத சக்தி மூலங்களைக் கற்பிக்கும்போது, நிலக்கரியை வெறும் படமாகக் காட்டி நகர்ந்துவிடாதீர்கள். பத்து ஆராங்கைப் பற்றிச் சொல்லுங்கள். இயன்றால் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லுங்கள். கோலாலம்பூரிலிருந்து அது தொலைவன்று. காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் வலசை வரும் கரைப்பறவைகள் தங்குவதை இயற்கை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர், அதையும் சொல்லுங்கள். மனிதன் அழித்ததும் ஆக்கியதும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதைப் பிள்ளைகள் காணட்டும்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள்: நிலக்கரி போகும் இடத்தில் சூரிய ஒளி மின்தகடு, மின்கலச் சேமிப்பு, மின்வலைப் பராமரிப்பு ஆகிய வேலைகள் வரும். இவை பட்டத்தை மட்டும் கேட்பவை அல்ல. தகுதிச் சான்று பெற்ற தொழில்நுட்பரைக் கேட்பவை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை தொழிற்கல்விக்குப் போவதைக் குறைவாக எண்ணும் மனப்போக்கை விடுவோம். நீங்கள் மின் நிலையத்திலோ துறைமுகத்திலோ குத்தகை வேலையில் இருந்தால், சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சொக்சோ பதிவு ஆகியவற்றை ஒவ்வொரு குத்தகையாளரிடமிருந்தும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து ஆண்டு உழைத்ததற்கு நாளை சான்று கேட்டால் கையில் தாள் இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சொக்சோ அதிகாரிகளைப் பள்ளிக்கு அழைத்து ஒரு மாலை விளக்கக் கூட்டம் நடத்தலாம், செலவு அதிகமாகாது.

1960இல் பத்து ஆராங்கின் தொழிலாளிக்கு முன்னறிவிப்பு தர எவரும் இல்லை. நமக்கோ கூட்டரசே முன்னறிவிப்பு தந்திருக்கிறது. காப்பாரின் ஒப்பந்தம் முடிவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்போம். கற்க வேண்டியதைக் கற்போம்.

அன்புடன்,
மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஒரு தமிழாசிரியன்